திறந்திடு சீசேம்!



குகையின் முன்னே நிற்கிறான் அலிபாபா. மந்திரச் சொல்லை மொழிகிறான். பாறை விலகுகிறது, பொன்னும் மணியும் பளபளக்கின்றன. கதை உங்களுக்குத் தெரியும். திரையிலும் கண்டு களித்திருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: அந்த மந்திரச் சொல்லை ஆக்கித் தந்தவன் எவன்? கதை அதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாமும் வினவவில்லை. கதவு திறந்ததும் நம் கண்கள் பொன்மீது பாய்ந்துவிட்டன. சொல்லைச் செய்தவனைத் தேட எவருக்கும் நேரமில்லை!

கதையிலே நடந்தது கிடக்கட்டும். நாட்டிலே நடந்த ஒன்றைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

1960ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 19ஆம் நாள். அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலம். இங்கிள்வுட் கிளிஃப்ஸ் எனும் ஊர். அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடம். 22 வயது இளைஞர் ஒருவர், டிரம்பெட்டைக் கையில் ஏந்தி, தம் பெயரில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்ய வந்திருக்கிறார். ஃபிரெடி ஹப்பர்ட் என்பது அவர் பெயர். தட்டுக்குப் பெயர் ‘ஓப்பன் செசமி’. நம் மொழியிலே சொன்னால், ‘திறந்திடு சீசேம்’!

திறந்தது கதவு. ஹப்பர்ட் உலகப் புகழ் பெற்றார், பரிசுகள் பெற்றார், 2008இல் மறைந்தபோது ஜாஸ் உலகம் கண்ணீர் வடித்தது. தகுதியுள்ளவருக்குத் தக்க சிறப்பு. அதிலே எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், தட்டுக்கே பெயராக அமைந்த அந்தப் பாட்டை ஆக்கியவர் ஹப்பர்ட் அல்லர். அதே தட்டிலுள்ள ‘ஜிப்சி புளூ’ என்னும் பாட்டை ஆக்கியவரும் அவர் அல்லர். அவர் பக்கத்திலே நின்று டெனர் சாக்சபோன் வாசித்தாரே, சிற்றுருவம் படைத்த 28 வயதுக்காரர், அவர் ஆக்கியவை அவை இரண்டும். மந்திரச் சொல்லைத் தந்தவர் அவர். கதவு திறந்தது மற்றவருக்கு.

அவர் பெயர் ஹெரால்ட் ஃபிளாய்ட் புரூக்ஸ். ‘டீனா’ புரூக்ஸ் என்றே அழைத்தனர். பெண்பாற் பெயர்போல ஒலிக்கிறதே எனத் திகைக்க வேண்டாம். சின்னஞ்சிறியவன் எனும் பொருள்படும் ஆங்கிலச் சொல் சிறுவயதிலே திரிந்து பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சிறியவன் என்று அழைத்தார்கள், சிறியவனாகவே எண்ணிவிட்டார்கள்!

“அமெரிக்காக்காரன் ஊதிய குழலுக்கும் நமக்கும் என்ன உறவு?” என்று முன்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. உறவு உண்டு, தோழரே. சாக்சபோன் உங்களுக்குப் புதிய கருவி அன்று. கத்ரி கோபால்நாத் அதிலே கருநாடக இசையை வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்கள். 1994இல் வந்த ‘டூயட்’ படத்திலே அவர் வாசித்ததைக் கேட்டு உருகியிருக்கிறீர்கள். பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் சாக்ஸ் என்பவர் 1846இல் உரிமம் பெற்ற கருவி அது. உடல் பித்தளை, ஒலியைப் பிறப்பிப்பதோ வாயிலே பொருத்திய நாணல் தகடு. நாயனத்துச் சீவாளியின் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

நான் அவரை அறிந்தது எந்த ஏட்டிலும் அன்று. ஒரு பொதுக்கூட்டம். தலைவர் வருவதற்கு நேரமாகும். அதுவரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். அந்தப் பணி எனக்கு. ஒன்றரை மணி நேரம் பேசினேன். தலைவர் வந்தார், வெடி வெடித்தது, நான் பாதிச் சொற்றொடரிலே ஒலிபெருக்கியை விட்டு விலகினேன். முறையான செயல்தான். ஆயினும், மனத்திலே ஒரு சிறு முள். நள்ளிரவிலே ஊர் திரும்பும் வண்டியில் என் பக்கத்திலே மைக் செட் தோழர். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, தம் காதிலிருந்த ஒலிப்பானைக் கழற்றி என் காதிலே வைத்தார். “இது யார்?” என்றேன். “உங்களைப்போல ஒருத்தர், அண்ணே” என்றார். அந்தப் பதிவுதான் ‘ட்ரூ புளூ’. ஊர் வந்து சேரும்வரை இறங்க மனமில்லை எனக்கு.

ஒரே நாளிலே பதிவானது அது. ஹப்பர்ட் தட்டு பதிவாகி ஆறே நாள் கழித்து, 1960 ஜூன் 25இல், அதே கூடத்திலே. இப்போது தலைமை டீனா புரூக்ஸ். பக்கத்திலே டிரம்பெட் வாசிப்பவர் ஹப்பர்ட். பியானோவிலே டியூக் ஜோர்டன். பாஸ் எனும் பெரு நரம்புக் கருவியிலே சாம் ஜோன்ஸ். முழவிலே ஆர்ட் டெய்லர். ஆறு உருப்படிகள், ஐந்து புரூக்ஸ் ஆக்கியவை. ‘ட்ரூ புளூ’ என்றால் ஆங்கில வழக்கிலே, மாறாத பற்றுடையவன், எந்நாளும் கைவிடாதவன் என்று பொருள். அப்பெயருக்கு ஏற்ற இசை அது.

ஜாஸ் இசையின் அமைப்பை ஒரு சொல்லிலே சொல்லிவிடுகிறேன். முதலிலே எல்லோரும் கூடி ஒரு மெட்டை வாசிப்பர். பிறகு அந்த மெட்டின் அடித்தளத்தின்மீது ஒவ்வொருவராகத் தம் கற்பனையை எழுப்புவர். நம் இசையிலே கற்பனைச் சுரம் பாடுகிறார்களே, அதைப்போல. முடிவிலே மீண்டும் எல்லோரும் கூடி மெட்டுக்குத் திரும்புவர். ஆகவே, ஜாஸ் கலைஞனை அளக்க இரண்டு கோல்கள் வேண்டும்: ஆக்கிய மெட்டு எத்தகையது என்பது ஒன்று; தன் முறை வந்தபோது என்ன சொன்னான் என்பது மற்றொன்று.

முதற்கோலால் அளந்து பாருங்கள். ‘குட் ஓல்ட் சோல்’ என்பது தட்டின் முதல் உருப்படி. துயரத்தின் சாயல் அதிலே உண்டு, புலம்பல் இல்லை. நடுத்தர நடை, ஓடவில்லை, ஒதுங்கவும் இல்லை. ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறை அதை வாய்க்குள் முணுமுணுப்பான், அவ்வளவு எளிது. மூன்றாம் முறை அதன் அடியிலே பியானோ போடும் கோலத்தைக் கவனிப்பான். அப்போதுதான் தெரியும், எளிதாகத் தோன்றுவதை எளிதாகச் செய்துவிட முடியாது என்பது.

இரண்டாம் கோலுக்கு வாருங்கள். அவர் முறை வருகிறது. பிறர் அந்த இடத்திலே வாள் வீசுவர். ஒரே மூச்சில் நூறு சுரங்களைக் கொட்டி, கேட்பவன் வாயைப் பிளக்க வைப்பர். இவர் பேசுகிறார். ஒலியிலே மெல்லிய கரகரப்பு. கூட்டம் முடிந்த பின் தோழன் தனியாக நம்மிடம் பேசுவானே, அந்தக் குரல். ஒரு தொடர் தொடங்குகிறது. முடிய வேண்டிய இடத்திலே முடியாமல் தாளத்தின் வரம்பைத் தாண்டிப் படர்கிறது. அடுத்த எண்ணம் அதிலிருந்தே கிளைக்கிறது. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆறு வளைந்து வளைந்து போவதுபோல ஓடி, கடைசியிலே மெல்ல எழுந்து நிற்கிறது. கைதட்டல் வாங்கும் இடம் ஒன்றைக்கூட அவர் வைக்கவில்லை. என்னைப்போன்ற மேடைப் பேச்சாளனுக்கு அது எத்தனை பெரிய பாடம் தெரியுமா? எந்த வரியிலே கை தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டே வாழ்பவர்கள் நாங்கள்!

இத்தகையவர் எங்கிருந்து வந்தார்?

1932 ஜூன் 7ஆம் நாள், வட கரோலைனா மாநிலத்து ஃபேயட்வில் நகரிலே பிறந்தார். கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய் என்று சட்டமே எழுதி வைத்திருந்த தென்பகுதி அது. 1944இல் குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் டேவிட் புரூக்சும் சாக்சபோன் கலைஞர். 1951இல் சன்னி தாம்ப்சன் குழுவிலே வாசித்தார் தம்பி. 1955இல் லயனல் ஹாம்ப்டனின் பெருங்குழுவிலே ஊர் ஊராகச் சென்றார். பின்னர், பென்னி ஹாரிஸ் எனும் டிரம்பெட் கலைஞர், “இந்தப் பிள்ளையைக் கேளுங்கள்” என்று ஆல்ஃபிரட் லயனிடம் பரிந்துரைத்தார்.

லயன் பெர்லினிலே பிறந்தவர். 1939இல் நியூயார்க்கிலே ‘புளூ நோட்’ எனும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களிலே ஒருவர். அவருக்குத் துணை நின்ற பிரான்சிஸ் வோல்ஃப், நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி வந்த யூதர். யூதன் என்பதற்காக விரட்டப்பட்டவரும் கறுப்பன் என்பதற்காக ஒதுக்கப்பட்டவரும் ஒரு சிறு அறையிலே சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பிலே பிறந்தவைதாம் புளூ நோட் தட்டுகள். ஒத்திகைக்கும் ஊதியம் கொடுத்த நிறுவனம் அது; அந்நாளிலே அது வழக்கம் அன்று.

1958 பிப்ரவரி 25. ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் ‘தி செர்மன்’ பதிவாகிறது. இருபது நிமிடம் ஓடும் ஒரே புளூஸ். அதிலே வரிசையாக வந்து வாசிக்கும் பெரியவர்களிடையே நம் புரூக்சும் ஒருவர். மூன்று வாரம் கழித்து, மார்ச் 16இல், அவர் பெயரிலேயே முதல் பதிவு: ‘மைனர் மூவ்’. ஹாக்கென்சாக் எனும் ஊரில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தார், அங்கே. டிரம்பெட் லீ மார்கன். பியானோ சன்னி கிளார்க். பாஸ் டக் வாட்கின்ஸ். முழவு ஆர்ட் பிளேக்கி. எத்தகைய படை! எத்தகைய தளபதிகள்! புரூக்சுக்கு வயது 25.

பதிவானது. பெட்டிக்குள்ளே போனது. வெளிவரவில்லை.

என்று வெளிவந்தது, தெரியுமா? 1980இல், அதுவும் ஜப்பானிலே. இடையிலே 22 ஆண்டுகள். அதற்குள் அந்த ஐவரிலே எத்தனை பேர் எஞ்சினர்? 1962இல் கார் விபத்திலே மடிந்தார் வாட்கின்ஸ், வயது 27. 1963இல் மறைந்தார் கிளார்க், வயது 31. 1972இல் சுட்டுக் கொல்லப்பட்டார் மார்கன், வயது 33. 1974இல் புரூக்ஸ், வயது 42. ஐவர் கூடி ஆக்கிய இசை ஊரை எட்டியபோது, அதைக் கேட்க உயிரோடிருந்தவர் பிளேக்கி ஒருவரே!

ஒன்று மட்டும்தானா பெட்டிக்குள் போனது? இல்லை. 1960 செப்டம்பரிலும் அக்டோபரிலுமாகப் பதிவானது ‘பேக் டு தி டிராக்ஸ்’. அதற்கு 4052 என்று எண் ஒதுக்கினார்கள், அட்டைப்படமும் ஆக்கினார்கள், தட்டு வரவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று, தொட்டில் கட்டியாயிற்று, பிள்ளையை மட்டும் காணோம்! 1961 மார்ச் 2இல் பதிவானது ‘தி வெயிட்டிங் கேம்’. அதுவும் வரவில்லை. தம் பெயரிலே நான்கு பதிவுகள் செய்தார்; அவர் உயிரோடிருந்த காலத்திலே வெளிவந்தது ‘ட்ரூ புளூ’ ஒன்றே.

நாடகம் எழுதுகிறவன் நான். இந்தக் கதையிலே வில்லனைத் தேடினேன். கிடைத்தால் வசதி, ஒரு காட்சியிலே அவனை நிறுத்தி, இரண்டு வசனத்திலே சாடி, கைதட்டல் வாங்கிவிடலாம். கிடைக்கவில்லை. லயன் நல்லவர், இசையை நேசித்தவர். விற்பனைக்கு எட்டாத அளவு பதிவு செய்தார். பலருடைய பதிவுகள் அப்படிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. 1965இல் நிறுவனம் கைமாறியது. ஹப்பர்ட் நல்லவர், புரூக்சின் பாட்டைத் தம் முதல் தட்டின் முகப்பிலே வைத்தார். எவரும் சதி செய்யவில்லை. நல்லவர்கள் நடுவிலேயே ஒரு நல்ல கலைஞன் மறைந்து போகிறான். நாடகத்திலே இதைவிட நடுங்க வைக்கும் காட்சி எது?

காலமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1959 ஆகஸ்ட் 25ஆம் நாள், நியூயார்க்கின் ‘ஃபைவ் ஸ்பாட்’ எனும் விடுதியிலே கிதார் கலைஞர் கென்னி பரல் வாசிக்க, உடன் வாசித்தார் புரூக்ஸ். அந்த இரவு தட்டாகவே இருக்கிறது. அதே விடுதிக்கு, அதே ஆண்டு நவம்பரிலே வந்தார் ஆர்னெட் கோல்மன். வந்து, அதுவரையிருந்த இலக்கணத்தையே உடைத்தெறிந்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. மற்றொரு பக்கத்திலே ஜான் கோல்ட்ரேன் மலைமேல் மலை ஏறிக்கொண்டிருந்தார். உடைப்பவரையும் ஏறுபவரையும் காணத் திரண்ட கூட்டத்துக்கு, அமைதியாகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர் கண்ணிலே படவில்லை. புரூக்ஸ் புரட்சிக்காரர் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. இருந்த வீட்டிலேயே ஒவ்வொரு செங்கல்லையும் ஒழுங்காக வைத்தவர் அவர். புதுவீடு கட்டியவனுக்குச் சிலை வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பழைய வீட்டை ஒழுகாமல் காத்தவனுக்கு ஒரு விளக்காவது ஏற்றக் கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைத்துப் பேசுவது புகழ்ச்சியாகலாம், உண்மையாகாது. ஹெராயின் எனும் நச்சுப் பொடி அக்காலத்து ஜாஸ் கலைஞர்களிலே பலரைப் பற்றியது, புரூக்சையும் பற்றியது. அன்றைய அரசு அந்த நோயை நோயாகக் கருதவில்லை, குற்றமாகவே கண்டது. நியூயார்க் நகரிலே, மதுவிற்கும் விடுதிகளில் வாசிக்க வேண்டுமானால் காவல்துறை தரும் அட்டை வேண்டும். 1940 முதல் 1967 வரை நீடித்த முறை அது. போதை வழக்கிலே சிக்கினால் அட்டை பறிபோகும். அட்டை போனால் பிழைப்பு போகும். பிழைப்பு போனவனுக்குத் துணை அந்தப் பொடி ஒன்றே! நோயாளியின் கையிலிருந்த கஞ்சிக் குவளையைப் பிடுங்கிவிட்டு, “ஏன் எழுந்து நடக்கவில்லை?” என்று கேட்டது சட்டம்.

அப்படி அட்டையை இழந்தவர்களிலே ஒருவர் ஜாக்கி மக்லீன் எனும் சாக்சபோன் கலைஞர். நாடக மேடைக்கு அந்த அட்டை தேவையில்லை. 1959 ஜூலையிலே, ஜாக் கெல்பர் எழுதிய ‘தி கனெக்ஷன்’ நாடகம் நியூயார்க்கிலே ‘லிவிங் தியேட்டர்’ குழுவினரால் அரங்கேறியது. போதைக்கு அடிமையானவர்கள் ஓர் அறையிலே அமர்ந்து, பொடி கொண்டுவருபவனுக்காகக் காத்திருக்கிறார்கள், கதையே அவ்வளவுதான். அவர்களிலே நால்வர் இசைக் கலைஞர்கள், மேடையிலேயே வாசிப்பர். சாக்சபோன் பாத்திரம் மக்லீனுக்கு. அவர் வராத நாளிலே அந்த இடத்தை நிரப்ப ஒரு மாற்றுக் கலைஞர் வேண்டுமே? அவர்தாம் டீனா புரூக்ஸ்!

காத்திருப்பவர்களைப் பற்றிய நாடகம். அதிலே, மேடைக்கு வெளியே காத்திருந்தவர் புரூக்ஸ். அவருடைய கடைசிப் பதிவின் பெயரும் ‘தி வெயிட்டிங் கேம்’, அதாவது ‘காத்திருப்பு ஆட்டம்’. இதை நான் நாடகமாக எழுதியிருந்தால், “மிகைப்படுத்திவிட்டீர்” என்று சொல்லியிருப்பீர்கள். வரலாறு எழுதியிருக்கிறது, என்ன சொல்வீர்கள்?

இருவரும் பகைவர்கள் அல்லர். 1960 செப்டம்பர் 1ஆம் நாள் இருவரும் ஒரே கூடத்திலே தோளோடு தோள் நின்று வாசித்தனர். அன்று பதிவானவற்றுள் மூன்று, மக்லீனின் ‘ஜாக்கிஸ் பேக்’ தட்டிலே வந்தன. ‘அப்பாயின்ட்மென்ட் இன் கானா’ என்பது ஒன்று, 1957இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாட்டின் பெயரைத் தாங்கியது, மக்லீன் ஆக்கியது. ‘ஐல் ஆஃப் ஜாவா’ என்பது மற்றொன்று, புரூக்ஸ் ஆக்கியது. இன்னொன்று, ‘ஸ்ட்ரீட் சிங்கர்’, தெருப்பாடகன்! அது வெளிவராத 4052ஆம் எண்ணோடு பெட்டிக்குள் போய்விட்டது. ஒரே நாளிலே, ஒரே மூச்சிலே பிறந்தவற்றிலே மூன்றுக்கு வெளிச்சம், இதற்கோ இருட்டு.

மக்லீன் மீண்டார். நஞ்சை வென்றார். ஹார்ட்ஃபர்ட் நகரிலே ஆசிரியரானார். 1970இல் மனைவியோடு சேர்ந்து அந்நகரத்துப் பிள்ளைகளுக்காகக் கலைக்கூடம் நிறுவினார். 2006இல் 74 வயதிலே, மாணவர்கள் போற்ற மறைந்தார். ஒரே நோய், ஒரே மேடை, ஒரே கருவிக் குடும்பம். ஒருவருக்கு மறுவாழ்வு கிடைத்தது, ஆசிரியரானார். மற்றவருக்குக் கிடைக்கவில்லை. 1961க்குப் பிறகு புரூக்சின் பெயரிலே ஒரு பதிவும் இல்லை. 13 ஆண்டுகள் கழித்து, 1974 ஆகஸ்ட் 13இல், நோயுற்று மறைந்தார். மக்லீனைப் பார்க்கும்போது, புரூக்சிடமிருந்து உலகம் இழந்தது எவ்வளவு என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. இறந்த கலைஞனை நினைத்து அழுவது எளிது. காப்பாற்றியிருக்கக் கூடியவன் என்று தெரிந்து அழுவதுதான் கடினம்.

பிறகு குகை திறந்தது. மைக்கேல் கஸ்கூனா எனும் ஆர்வலர், 1970களிலே புளூ நோட் நிறுவனத்தின் நாடாப் பெட்டிகளிடையே புகுந்தார். ஆண்டுக்கணக்கிலே உட்கார்ந்து கேட்டார், எழுதினார், வகைப்படுத்தினார். பொன்னைத் தேடி அலிபாபா போனான். இவரோ, மறந்துபோன மனிதர்களைத் தேடிப் போனார். 1985இல், தாம் பங்குகொண்டு நிறுவிய மொசைக் நிறுவனத்தின் வழியே, புரூக்சின் நான்கு பதிவுகளையும் ஒரே பேழையாக வெளியிட்டார். அதிலேதான் 4052 முதன்முதலாக உலகைக் கண்டது. இருபத்தைந்து ஆண்டு தாமதம்! இந்த நூற்றாண்டிலே நான்கும் தனித்தனித் தட்டுகளாகக் கடைக்கு வந்துவிட்டன. கஸ்கூனா 2024இல் மறைந்தார். ஊதியவனை நினைக்கும்போது, தூசி தட்டியவனையும் நினையுங்கள்.

கடைசிப் பதிவிலே ஓர் உருப்படி. அதன் பெயரைக் கேட்டால் வியப்பீர்கள்: ‘தியானா’. ஆம், நாம் தியானம் என்கிறோமே, அந்தச் சொல்லேதான். நியூயார்க் நகரத்துக் கறுப்பினக் கலைஞன், நோயும் நெருக்கடியும் சூழ்ந்த நாளிலே, தன் பாட்டுக்கு நம் மண்ணிலே வழங்கும் சொல்லைப் பெயராகச் சூட்டினான். கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக வாசித்திருப்பான் என்று எண்ணி நுழைந்தேன். இல்லை, கால் தாளம் போடுகிறது, இசை நடக்கிறது. இன்னும் ஐந்து மாதம், இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று எதிர்பார்த்திருப்பவன் நடக்கும் நடை அது. அதற்குப் பிறகு அவருக்கு வாய்ப்பே வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு கேட்கிறோமே நாம், அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

என் நெஞ்சை அறுப்பது இன்னொன்றும் உண்டு, சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நான் நாடகக் குழு நடத்திய நாட்களிலே, எங்களிடம் ஒரு தோழர் இருந்தார். எல்லாப் பாத்திரங்களின் வசனமும் அவருக்கு மனப்பாடம். எவர் வராவிட்டாலும் அவர் ஆயத்தம். நாயகன் வேடம் போட்டவரோ ஒரு நாளும் வராமலிருந்ததில்லை. திரைக்குப் பின்னாலே நின்று, உதடு அசைய, எல்லா வசனத்தையும் ஒலியில்லாமல் பேசிக்கொண்டிருப்பார். “ஒரு நாள் நீங்கள் போடுங்கள்” என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நாள்! சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, அடுத்த ஊர் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார். இன்று அவர் எந்த ஊரிலே இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவே, புளூ நோட் நிறுவனத்தைப் பார்த்து விரலை நீட்ட எனக்கு உரிமை இல்லை. என் வீட்டிலும் ஒரு பெட்டி பூட்டிக் கிடக்கிறது.

தோழர்களே! இன்றிரவு உங்கள் கைப்பேசியிலே தேடுங்கள், கிடைக்கும். ‘ட்ரூ புளூ’ முதலிலே. அதிலே ‘குட் ஓல்ட் சோல்’ கேளுங்கள். ஒருமுறை போதாது, மூன்று முறை. அடுத்து ‘ஸ்ட்ரீட் சிங்கர்’. இரண்டு சாக்சபோன்களிலே எது மக்லீன், எது புரூக்ஸ் என்று கண்டுபிடியுங்கள். கூர்மையாக, சற்றே புளிப்பாகக் குத்துவது மக்லீனின் ஆல்டோ. தாழ்ந்து, படர்ந்து, தழுவுவது நம்மவர். பின்னர் ‘மைனர் மூவ்’. ஐவரிலே நால்வர் கேட்காமலே போன இசையை அவர்களுக்காகவும் கேளுங்கள். கடைசியிலே ‘தியானா’.

கேட்டு முடித்ததும், உங்கள் கிளையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். தலைவர் வரும்வரை பேசிக்கொண்டிருப்பவன், பிறர் பெயரிலே துண்டறிக்கை எழுதித் தருபவன், திரைக்குப் பின்னாலே உதடசைப்பவன், எவனாவது ஒருவன் இருப்பான். இசைத்தட்டு 22 ஆண்டுகள் பெட்டியிலே காத்திருக்கும். மனிதன் காத்திருக்க மாட்டான். அவனுக்காகத் திறக்கும் மந்திரச் சொல் அரபு நாட்டுக் கதையிலே இல்லை. அவன் பெயர்தான் அந்தச் சொல். உரக்கச் சொல்லுங்கள், அவன் காதிலே விழுமாறு, இன்றே சொல்லுங்கள்.